சிங்கப்பூர் வளைத்த ஆங்கிலம்

"முடியுமா?" என்று கேட்க ஆங்கில இலக்கணம் எழுவாயொன்றை வேண்டி நிற்கும். சிங்கப்பூரிலோ "கேன் ஓர் நொட்?" என்றால் போதும். "கேன் லா" என்று பதில் வரும். சாப்பிட்டாயிற்று என்பதற்கு "ஈட் ஓல்ரெடி". வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. செயல் முடிந்ததை 'ஓல்ரெடி' என்ற சொல்லே காட்டிவிடுகிறது. சீன மொழிகளில் வாக்கிய இறுதியில் நிற்கும் இடைச்சொல்லின் சாயல் அது. எழுவாயை விட்டுப் பேசும் வழக்கம் சீனம், மலாய், தமிழ் ஆகிய மூன்றிற்கும் பொதுவானது.

இந்தப் பேச்சுவழக்கே 'சிங்கிலிஷ்' எனப்படுகிறது. 1987இல் சிங்கப்பூர்ப் பாடசாலைகள் அனைத்திலும் ஆங்கிலம் முதன்மைப் போதனாமொழியானது. வீட்டில் வெவ்வேறு மொழி பேசிய பிள்ளைகள் தமக்குள் பேசிச் சிரிக்க இந்த வழக்கே உதவியது.

ஆட்சியாளர்களுக்கு அது சிரிப்பாகப் படவில்லை. 1999 ஓகஸ்டில் லீ குவான் யூ சிங்கிலிஷை மக்களுக்கு ஒரு குறைபாடு என்று கண்டித்தார். அதே மாதம் பிரதமர் கோ சோக் டோங், தேசிய தின உரையில் 'புவா சூ காங்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைப் பாத்திரத்தின் ஆங்கிலத்தைக் குறைகூறினார். குர்மித் சிங் நடித்த கட்டட ஒப்பந்தக்காரர் பாத்திரம் அது. 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது.

அரசின் அச்சம் ஆதாரமற்றதல்ல. இயற்கை வளமற்ற அந்த நகரம் உலக வர்த்தகத்தை நம்பியே வாழ்கிறது. நேரான ஆங்கிலமும் அறிந்தவருக்கே வளைந்த ஆங்கிலம் விளையாட்டு. அதை மட்டுமே அறிந்தவருக்கு வேலைவாய்ப்பின் கதவு அடைபடலாம்.

ஆயினும் வரலாறு வேறொன்றையும் காட்டியது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, தற்காப்பு முறைகளை ராப் பாடலாகப் பாடி வந்தவர் அதே புவா சூ காங். 2021இல் கொவிட் தடுப்பூசி போடுமாறு மக்களை அழைக்க அரசாங்கம் வெளியிட்ட காணொளியிலும் அவரே தோன்றினார், சிங்கிலிஷிலேயே பாடினார்.

1999இல் திருத்தப்பட வேண்டியிருந்த அந்த நாக்கு, உயிர்காக்கும் செய்தியை வீடுவீடாகக் கொண்டுசெல்லத் தேவைப்பட்டது. உலகத்தோடு பேச ஓர் ஆங்கிலமும் தம் மக்களோடு பேச இன்னோர் ஆங்கிலமும் வேண்டும் என்பதை அந்தக் காணொளி சொல்லாமற் சொன்னது.