பாரும் பாறையும்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இராமநாதபுரம் – தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீளம் 143 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 700 கோடி ரூபாய். 1975 முதல் நாப்தாவைக் கொண்டு யூரியா உற்பத்தி செய்துவந்த தூத்துக்குடி ஸ்பிக் ஆலை, அதன்பின் இராமநாதபுரத்து எரிவாயுவுக்கு மாறியது. செய்தித்தாள்களில் ஒருநாள் தலைகாட்டி மறைந்த இச்செய்தியை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இக்குழாய் இணைக்கும் இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட கடல்தான் வரலாறு போற்றும் முத்துக்குளித்துறையின் வடபகுதி. கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் கிடக்கும் செல்வத்தை எடுக்கலாமா, எப்போது எடுக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் யார் என்னும் வழக்கு இக்கரைக்குப் புதிதன்று. 'பிராக்கிங்' என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் நீரழுத்தப் பாறைப்பிளப்பைப் பற்றிய விவாதத்தை, இப்பழைய வழக்கின் அருகில் வைத்துப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் அத்தொழில்நுட்பம் என்னவென்று பார்த்துவிடுவோம். நிலத்தடி எரிவாயு என்றதும் பாதாளத்தில் ஒரு பெருங்குகையும் அதனுள் அடைபட்ட காற்றும் நம் மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் எரிவாயு பாறையின் நுண்துளைகளில்தான் தங்கியிருக்கிறது. மணற்பாறையில் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கிணறு தோண்டினால் வாயு தானே ஊர்ந்து வந்து சேரும். இராமநாதபுரத்தில் பெரியபட்டினம், வாலாந்தரவை போன்ற இடங்களில் ஓ.என்.ஜி.சி. எடுத்துவரும் எரிவாயு இத்தகைய மரபுவழிக் கிணறுகளிலிருந்து வருவது. ஷேல் எனப்படும் களிப்பாறையோ வேறு இயல்புடையது. சேறு படிந்து இறுகி, ஏடு ஏடாக அமைந்த பாறை அது. துளைகள் உண்டு, ஆனால் துளைக்கும் துளைக்கும் வழியில்லை. வாயு அங்கேயே பிறந்து அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது.

அச்சிறையை உடைப்பதுதான் பிராக்கிங். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு நேர்க்குத்தாகத் துளையிட்டு, ஷேல் அடுக்கை எட்டியதும் துளையைக் கிடைமட்டமாகத் திருப்பி, மேலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பாறைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். துளையின் சுவருக்கு எஃகுக் குழாய். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் சிமெண்டுப் பூச்சு. கிடைமட்டப் பகுதியில் சிறு வெடிகளால் குழாயில் ஓட்டைகள் இடப்படுகின்றன. பிறகு நீரும் மணலும் சில வேதிப்பொருள்களும் கலந்த கலவையைப் பேரழுத்தத்தில் உட்செலுத்தப் பாறை மயிரிழை மயிரிழையாய் விரிசல் விடுகிறது. அழுத்தம் நீங்கினால் விரிசல் மூடிக்கொள்ளும் அல்லவா? மூடாதபடி முட்டுக் கொடுப்பதே மணலின் வேலை. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் நீர் தேவைப்படுவது வழக்கம். உட்சென்ற நீரில் ஒரு பகுதி, பாறையின் உப்பையும் சில இடங்களில் கதிரியக்கத் தாதுக்களையும் கரைத்துக்கொண்டு மேலே திரும்பி வரும். அதை என்ன செய்வது என்பது இத்தொழிலின் தீராத தலைவலி.

1949 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வணிக நோக்கில் தொடங்கிய இம்முறை, டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1998 வாக்கில் பெற்ற வெற்றிக்குப் பிறகே பெருந்தொழிலானது. அதன் விளைவாக அமெரிக்கா இறக்குமதி நாடு என்ற நிலையிலிருந்து ஏற்றுமதி நாடு ஆயிற்று. ஆதரவாளரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எரிவாயு எரியும்போது வெளிப்படும் கரியமில வாயு நிலக்கரியின் அளவில் ஏறக்குறையப் பாதி, சாம்பலும் இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு 1979 முதல் வாழ்ந்துவரும் தூத்துக்குடிக்காரர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எங்கே எவ்வளவு கசிகிறது என்பதைப் பொறுத்து இவ்வாதத்தின் தராசு எப்பக்கமும் சாயலாம்.

இனி முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் கடலடியில் ஆங்காங்கே அமைந்த பாறைத்திட்டுகளுக்குக் கடற்கரை மக்கள் 'பார்' என்று பெயரிட்டனர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். சிப்பி அங்கே இருக்கிறதா என்பது கரையிலிருந்து தெரியாது, படகிலிருந்தும் தெரியாது, மூச்சடக்கி இறங்கியவனுக்கே தெரியும். போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறியபோதும் இந்த ஒரு நிலைமை மாறவில்லை. சென்னை அரசாங்கத்தின் நடைமுறையையே எடுத்துக்கொள்வோம். சலாபம் அறிவிக்கும் முன் பார்களைச் சோதிப்பது கட்டாயம். குறித்த இடங்களில் குளிப்பவர்கள் இறக்கப்பட்டு, ஒவ்வொரு முழுக்கிலும் எத்தனை சிப்பி கிடைத்தது, அவற்றின் வயது என்ன என்று பதிவு செய்யப்படும். மாதிரிச் சிப்பிகளைக் கரையில் அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைப் படிப்படியாகத் துளை சிறுத்துச் செல்லும் பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரித்து விலை மதிப்பார்கள். நான்கைந்து ஆண்டு முதிராத சிப்பியென்றால் அவ்வாண்டு சலாபம் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதிய குறிப்புகளையும், பின்னாளில் ஜேம்ஸ் ஹார்னெல் எழுதியவற்றையும் புரட்டினால், முத்துக் குளித்த ஆண்டுகள் அல்ல, குளிக்காமல் விட்ட ஆண்டுகளே மிகுதி என்பது விளங்கும். 1862க்குப் பிறகு அடுத்த சலாபத்துக்குத் தூத்துக்குடி 1889 வரை காத்திருந்தது. கடைசித் தொடர் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது.

இதை ஒரு பொற்காலமாக வரைவது நம் நோக்கமன்று. வருவாயில் பெரும்பங்கு அரசுக்கே போயிற்று. சோதனையும் அவ்வருவாயை முன்னிட்டதே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அடியில் கிடப்பதைப் பார்த்து வந்து சொன்னவன், அக்கடலையே நம்பி வாழ்ந்த கரையோரத்தான். அவன் சொல்லையும் அவன் கையிலிருந்த சிப்பியையும் படகிலிருந்த அனைவரும் சேர்ந்தே எண்ணினார்கள்.

இவ்வொழுங்கு குலைந்த கதையும் இவ்வளைகுடாவிலேயே, இலங்கைக் கரையில், நடந்தது. மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த ஆரவாரத்தில், 1906இல் இலங்கை அரசாங்கம் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு லண்டனில் அமைந்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அறிவியல் துணை இல்லாமலா? பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து ஆராய்ந்ததன் பயனாக ஐந்து தொகுதிகளில் அறிக்கை வெளிவந்திருந்தது. 1907உடன் சிப்பி மறைந்தது. குத்தகைக் காலம் முடியும் முன்பே நிறுவனம் கலைந்தது. இலங்கையில் மறு சலாபம் 1925இல்தான். மிகுதியாக எடுத்ததால் அழிந்ததா, கடலின் இயல்பான ஏற்றத்தாழ்வா என்று அறிஞர்கள் பின்னரும் வாதிட்டார்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்த ஆண்டில், அதுவே என்றும் நிற்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டதில் மட்டும் ஐயமில்லை.

எரிவாயுவிலும் கணக்குகள் இவ்வாறுதான் ஆடுகின்றன. இந்தியாவின் மூன்று படுகைகளில் எடுக்கத்தக்க ஷேல் எரிவாயு 6.1 இலட்சம் கோடி கன அடி என்று அமெரிக்க நில அளவையகம் 2012இல் மதிப்பிட்டது. மறு ஆண்டே அதே நாட்டின் எரிசக்தித் தகவல் முகமை, நான்கு படுகைகளுக்கு 96 இலட்சம் கோடி என்றது. ஒரு படுகை கூடியதால் மட்டும் வந்த வேறுபாடு அல்ல இது. 2013 அக்டோபரில் இந்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்தபோது ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கப்பட்ட முதற்கட்டத் தொகுதிகளில் காவிரிப் படுகையும் இருந்தது. புவியியலார் காவிரிப் படுகை என்று சொல்வது தஞ்சை வயல்களை மட்டுமன்று; அது இராமநாதபுரத்தையும் கடந்து மன்னார் வளைகுடாவின் அடிவரை நீள்வது. இந்திய ஷேல் முயற்சிகள் இதுவரை பெரும்பயன் தரவில்லை.

பயன் தந்த நாட்டில் என்ன நடந்தது? 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், டீசல் கலந்த கலவை நீங்கலாக, பிராக்கிங்கை அமெரிக்கா குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. கலவையில் சேரும் சில பொருள்களின் பெயர்களை வணிக இரகசியம் என்று மறைக்கவும் முடிந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல்லாண்டு ஆய்வுக்குப் பின் 2016இல், சில சூழல்களில் குடிநீர் பாதிக்கப்படக்கூடும், ஆனால் எத்துணை அடிக்கடி என்று சொல்லப் போதிய தரவுகள் இல்லை என்றது. பார் பார்க்காமலே சலாபம் நடத்திய கதை! கழிவுநீரை ஆழ்கிணறுகளில் திணித்த ஒக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின. 2016இல் பானீ என்னுமிடத்தில் 5.8 அளவு நடுக்கம். பிரான்சு 2011இல் இம்முறையைத் தடை செய்தது. இங்கிலாந்து 2019இல் நிறுத்தி வைத்தது.

தமிழகத்தின் போராட்டங்கள் பெரும்பாலும் மீத்தேனையும் ஹைட்ரோகார்பனையும் குறித்தவை. மன்னார்குடிப் பகுதி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு 2010இல் ஒப்பந்தம் ஆயிற்று. அங்கே முதல் அச்சம் பாறைப்பிளப்பு அன்று. வாயுவை வெளிக்கொணர நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவது. அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் அப்பணியினூடே மறைந்தார். 2017இல் நெடுவாசல் எழுந்தது. இரு வேறு தொழில்நுட்பங்களைப் போராட்டக்காரர்கள் குழப்பிக்கொள்வதாகப் பொறியாளர்கள் குறைப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் விளக்க வேண்டியவர்கள் முன்னதாக வந்து விளக்கியிருந்தால் குழப்பத்துக்கு இடமேது?

2020ஆம் ஆண்டு இரண்டு ஆவணங்கள் ஒரு மாத இடைவெளியில் பிறந்தன. ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2' வகைக்கு மாற்றியது. அவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆயிற்று. பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, ஷேல் உள்ளிட்ட புதிய எரிவாயுப் பணிகளை டெல்டாவில் தடுத்தது.

இராமநாதபுரத்தில் இருபது ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025இல் அனுமதி வழங்கியபோது இவ்விரண்டின் பொருளும் விளங்கியது. இவை ஆய்வுக் கிணறுகளே. பிராக்கிங் கிணறுகள் அல்ல. ஆயினும் குடிநீருக்கே திருச்சியிலிருந்து காவிரியைக் குழாய்வழிக் கொண்டுவரும் மாவட்டம் இது. ஆய்வு வெற்றி பெற்றால் அடுத்து வருவது எது, அதற்கான நீர் எங்கிருந்து வரும் என்று விவசாயிகளும் மீனவர்களும் கேட்டதை மிகையென்று சொல்ல நம்மால் இயலவில்லை. அதே ஆண்டு மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் 9,990 சதுர கிலோமீட்டர் பரப்பு ஏலத்துக்கு வந்தது. அதைக் கைவிடுமாறு முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டு மாதம், இராமநாதபுரத்து அனுமதியைத் திரும்பப் பெறும்படி ஆணையத்துக்கு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு தெரிவித்தது. அறிவிப்பு அறிவிப்புதான், சட்டம் வேறு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் இடம்பெற்றன. முத்துக்குளித்துறையின் ஊர்கள் எதுவும் அதில் இடம்பெறவில்லை.