கணிப்பொறிக்கும் கத்திரி வெயில் உண்டு

 

மலருக்கு ஊர்ச் சரித்திரம் ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் பனமலைக்காரன். ராஜசிம்ம பல்லவன் மலைமேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலைப் பற்றியோ, அங்கே சுண்ணாம்புச் சுவரில் அழியாமல் நிற்கும் பார்வதி ஓவியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். செஞ்சிக் கோட்டையின் பெருமையையும் இனி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜூலையில் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஆகவே, நம் பக்கத்தில் யாரும் சரித்திரம் என்று நினைத்துப் பார்க்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் சூடேறி, அப்படியே உறைந்து நிற்பதன் சரித்திரம்!

சிரிக்க வேண்டாம். "சார், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்ற குரல் கேட்காத கம்ப்யூட்டர் லேப் தமிழ்நாட்டில் உண்டா? மவுஸ் நகராது, கீ போர்டு கேட்காது, பாதி அடித்த புராஜெக்ட் திரையில் சிலைபோல நிற்கும். இதற்குப் பின்னால் எண்பது ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரியாததால் நம் ஊரில் பல வீடுகளில் பணம் வீணாகிறது.

வால்வு காலம்

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். அது இழுத்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நூற்றைம்பதை ஒரே கூடத்தில் போட்டுவிட்டால் எவ்வளவு சூடோ, அவ்வளவு சூடு! காற்றை ஊதித் தள்ளப் பெரிய ஊதிகள் வைத்தார்கள். ஏதாவது ஒரு பகுதியில் வெப்பம் எல்லை மீறினால் மின்சாரம் தானே நின்றுபோகும் ஏற்பாட்டையும் செய்தார்கள். ஆக, சூடானால் நின்றுவிடும் குணம் கணிப்பொறியோடு கூடப் பிறந்தது.

நம் நாட்டுக்கு முதல் கணிப்பொறி கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹெச்.இ.சி. 2எம் என்பது அதன் பெயர். 1956-இல் அது வேலைசெய்யத் தொடங்கியது. பிறகு பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 2,700 வால்வுகள் கொண்ட அது 1960-இல் செயலுக்கு வந்தது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். வால்வு என்பது உள்ளே இழை கனன்றால்தான் வேலை செய்யும் பொருள். எனவே வால்வு இருந்த இடத்தில் குளிர்விக்கும் ஏற்பாடும் இருந்தே தீர வேண்டும்.

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. வால்வு காலம் அதற்குள் போய்விட்டது. ஆனால் குளிர் அறை போகவில்லை. மாணவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். விடை காகிதத்தில் அச்சாகி வரும். இயந்திரத்தின் சூட்டைப் பற்றி மாணவன் கவலைப்பட வேண்டியதில்லை. அது நிலையத்தின் பொறுப்பு. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

மேசைக்கு வந்தது

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதிலிருந்த 8088 சில்லின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். சில்லுக்கென்று தனி விசிறி கிடையாது. பின்பக்க மின்பெட்டிக்குள் ஓடிய விசிறியே முழுப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்தது. 1984 நவம்பரில் இந்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன் பிறகுதான் மேசைக் கணிப்பொறி மெல்ல மெல்ல நம் கல்லூரிகளுக்கும் எட்டியது.

வேகம் கூடக் கூடச் சூடும் கூடியது. 386 வரை சில்லு மொட்டையாகவே இருந்தது. 486-இல் வேகமான வகைகள் தலையில் அலுமினியப் பட்டையைச் சுமக்க ஆரம்பித்தன. 1993-இல் வந்த முதல் பென்டியத்துக்கு விசிறியும் அவசியமாயிற்று. அது 5 வோல்ட்டில் ஓடியது. சில்லின் சூட்டுக்கு ஒரு விதி உண்டு: வேகம் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு, ஆனால் வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதை உணர்ந்து 1994-இல் அடுத்த பென்டியத்தை 3.3 வோல்ட்டுக்கு இறக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஒரே மாற்றத்தில் சூடு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இதழ் ஒரு சோதனை செய்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லின் மேலுள்ள உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் சில்லுகள் கருகிப் போயின. பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. மூன்றாவது வழியைத்தான் இன்றைய சில்லுகள் எல்லாம் பின்பற்றுகின்றன. ஆனாலும் சூடு விடவில்லை. 2004-இல் வந்த புதிய பென்டியம் 4 வகைகளில் சில நூறு வாட்டைத் தாண்டின. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் அதே ஆண்டு அக்டோபரில் கைவிட்டது. ஒரே சில்லில் இரண்டு, நான்கு மூளைகளை வைக்கும் வழிக்கு உலகமே திரும்பியதற்குச் சூடு ஒரு முக்கியக் காரணம் என்றால் மிகையாகாது.

செருப்பைக் கழற்றிய கதை

எண்பது, தொண்ணூறுகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டர் அறை என்றால் கர்ப்பகிருகம் மாதிரி! வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் துணி உறை போட வேண்டும். "ஏன் சார்?" என்று கேட்டால், "வைரஸ் வந்துடும்ப்பா" என்று வேடிக்கையாகச் சொன்னவர்களும் உண்டு. அதை நிஜம் என்று நம்பியவர்களும் உண்டு!

உண்மைக் காரணம் எளிது. செருப்போடு தூசு வரும். தூசு பட்டையின் இடுக்குகளை அடைக்கும். காற்று போகாது. சில்லு வேகும். அவ்வளவுதான். ஆனால் சடங்கைச் சொல்லிக்கொடுத்தோமே தவிர, காரணத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு பிரவுசிங் சென்டர் வந்தது, ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வந்தது, இ-சேவை மையம் வந்தது, வீட்டுக்கே வந்தது. சடங்கு போயிற்று. காரணம் தெரியாததால் அதற்குப் பதிலாக எதையும் செய்யவும் இல்லை. ஒரு காலத்தில் நிலையத்தின் பொறுப்பாக இருந்த சூடு, யாரும் சொல்லாமலே நம் தலையில் வந்து விழுந்துவிட்டது.

ஒரு கூட்டல் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எங்கு திரும்பினாலும் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை இரவில் கக்கும். கத்திரி வெயிலில் ஓட்டுக்கூரை, ஷீட் கூரைக் கட்டடங்களின் உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

சில்லின் சூடு என்பது அறையின் சூட்டோடு கூட்டப்படுவது. ஒரு கணிப்பொறி கடுமையாக வேலை செய்யும்போது சில்லு சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 டிகிரி ஏ.சி. அறையில் அது 64. மே மாதத்தில் 40 டிகிரி அறையில் 80. இரண்டுமே தாங்கக்கூடியவை. இப்போது தூசு அடைத்து, அந்த 40 டிகிரி 60 ஆகிறது. ஏ.சி. அறையில் 84, இன்னும் ஓடும். நம் அறையில் 100! பெரும்பாலான சில்லுகளின் எல்லை அந்தப் பக்கம்தான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நகரத்துச் சர்வீஸ் சென்டருக்குப் போகிறோம். ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடி நிற்கிறது. மூன்றாம் முறை போனால், "மதர்போர்டு போயிடுச்சு, மாத்திடலாம்." இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. நடுவில் விடுபட்டது இந்தக் கூட்டல் கணக்குதான். அது தெரியாமல், விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய பெட்டி காயலான் கடைக்குப் போகிறது.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடும், ஏ.சி. ஓடாது. ஜன்னல் சாத்திய அறையில் இருபது பெட்டிகள் சூட்டைக் கக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஏ.சி. அறையை நம்பிய ஏற்பாடு, ஏ.சி. நின்றதும் திறந்தவெளியைவிட மோசமாயிற்று.

என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டதும் நிற்கிறதா, அரை மணி கழித்தா? காலையில் ஓடிப் பிற்பகலில் நின்றால், சந்தேகத்தைச் சூட்டின் மேல் வையுங்கள். நின்றவுடன் மறுபடி போட்டு பயாஸ் திரையில் வெப்ப அளவைப் பாருங்கள். வேலை எதுவும் செய்யாத நிலையிலேயே எண்பதைத் தொட்டால் விஷயம் தெளிவு.

அடுத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் திறந்த பெட்டியோடு காலம் தள்ளக் கூடாது. இது சோதனை மட்டுமே.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் பட்டையின் இடுக்குகளைத் துடையுங்கள். ஊதி கொண்டு ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். மின்பெட்டியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தூசு போயும் சூடு குறையாவிட்டால், சில்லுக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள பசை காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். பட்டையின் நான்கு கால்களும் போர்டில் சரியாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு கால் கழன்றிருந்தாலே போதும், சூடு ஏறிவிடும்.

குளிர்ந்த காலையிலும் நிற்கிறதா? அப்போது காரணம் வேறு. ரேம் பட்டையைக் கழற்றி, அதன் பல்லைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். போர்டிலுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். போகும்போது "மத்தியானத்தில்தான் நிற்கிறது, என் அறை இவ்வளவு சூடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி மதர்போர்டு விலையை மிச்சப்படுத்தலாம்.

லேப்டாப்புக்கும் இதே விதிதான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது எத்தனை பேர் அதைத் தலையணைமேல் வைத்துப் படித்தார்கள்! அடியிலுள்ள காற்றுவழியைத் தலையணை அடைத்துவிடும்.

நிறைவாக

செஞ்சிக் கல்யாண மகாலின் அடுக்குகளையும் திறப்புகளையும், சுற்றியுள்ள வளைவுத் தாழ்வாரங்களையும் பார்த்தால் ஒன்று புரியும். அதைக் கட்டியவர்கள் இந்த வெயிலைத் தெரிந்து கட்டினார்கள். காற்றுக்கு வழி விட்டார்கள், மேல் மாடிகள் வரை குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள். நம் லேப்பில் இருக்கும் பெட்டியோ வேறு நாட்டு வெயிலை மனத்தில் வைத்துச் செய்தது. அதை நம் வெயிலுக்குப் பழக்க வேண்டியவர்கள் நாம்தான்.

தம்பி, தங்கைகளே! லேப்பில் ஒரு பெட்டி நின்றுபோனால் "செத்துப்போச்சு" என்று மூலையில் தள்ளுமுன் ஒரு பிரஷ்ஷை எடுங்கள். உங்கள் தெருவில் இதுபோல் மூடிக் கிடக்கும் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். அதில் படிக்க ஒரு பிள்ளை காத்திருக்கும். முன்னாள் மாணவ நண்பர்களே! கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் புதுக் கம்ப்யூட்டர்தான் வாங்கித் தர வேண்டும் என்பதில்லை. லேப்புக்குக் காற்றை வெளியே தள்ளும் விசிறிகள் நான்கு, ஊதி ஒன்று, பசை நாலு ட்யூப் வாங்கித் தாருங்கள். இருக்கிற பெட்டிகள் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க மாணவர் ஒற்றுமை!