உருகிய தாரும் கள்ள டிக்கெட்டும்

தீம் பார்க் என்றதும் முதலில் ஞாபகம் வருவது டிஸ்னிலாண்ட்தான். அந்த டிஸ்னிலாண்டே திறந்த அன்னிக்கு எப்படிச் சொதப்புச்சுன்னு தெரியுமா?

வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண்கள். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் பிள்ளைகள் ராட்டினம் சுத்த, இவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். அப்பா அம்மாவும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணும்னு தோணியது அங்கேதான்.

ஆசை சரி, காசு? அண்ணன் ராய்க்கு இதில் பெரிய இஷ்டமில்லை. வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். ஏபிசி டிவி 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் வரை கடனுக்கு ஜாமீனும் நின்றது. பதிலுக்கு வாராவாரம் ஒரு டிவி நிகழ்ச்சி. அனஹெய்மில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1954 ஜூலையில் வேலையை ஆரம்பித்தார்கள். ஒரே வருஷம்! மொத்தச் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்.

1955 ஜூலை 17, ஞாயிறு. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் யாரோ கள்ள அழைப்பிதழ் அடிச்சுட்டாங்க. வேலி மேல ஏணி போட்டு ஆளுக்கு 5 டாலர் வசூலிச்ச புண்ணியவானும் உண்டாம்! கூட்டம் சுமார் 28,000. எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வெயில் 38 டிகிரி. கடைசி நேரத்தில் போட்ட தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் அதில் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்ட்ரைக்கினால், திறப்பு நாளுக்குள் குடிதண்ணீர்க் குழாயா கழிப்பறையா, ஒண்ணுதான் முடியும் என்ற நிலைமை. வால்ட் கழிப்பறை என்றார். கூல்டிரிங்க்ஸ் விக்கத்தான் தண்ணியை நிறுத்திட்டாங்கன்னு ஜனங்களுக்குச் சந்தேகம். சாப்பாடு தீர்ந்தது. கேஸ் கசிந்து ஃபேன்டஸிலாண்டை மூடினார்கள். மார்க் ட்வைன் படகில் அளவுக்கு மீறி ஏறியதால் தண்ணீர் தளத்து மேலேயே வந்துடுச்சு. இத்தனைக்கும் நடுவில் ஏபிசியில் நேரடி ஒளிபரப்பு வேற. தொகுத்து வழங்கிய மூன்று பேரில் ஒருத்தர், பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோணியது எங்க அப்பாதான். சின்ன வயசில் சென்னைக்கு வெளியே ஒரு பார்க்குக்கு தீபாவளி போனஸில் கூட்டிக்கிட்டுப் போனார். கரண்ட் போய் ராட்சத ராட்டினம் நின்னுடுச்சு. நானும் தங்கச்சியும் உச்சியில். கீழே அம்மா புளியோதரைப் பையோட அழறாங்க. அரை மணி நேரம் கழிச்சு இறங்கினதும் நாங்க கேட்டது, "இன்னொரு ரவுண்டு போலாமாப்பா?" அப்பா முகத்தில் ஈயாடலை. பிள்ளைக்கு அது சாகசம். செலவு பண்ணினவருக்குத்தானே வலி?

வால்ட் ஒளிபரப்புக்காக ஓடிக்கொண்டிருந்ததால், நடந்த கூத்து முழுசா அவருக்குத் தெரிந்தது பிறகுதானாம். பத்திரிகைகள் கிழிச்சுத் தோரணம் கட்டின. அவர் கம்பெனிக்காரங்களே அந்த நாளுக்கு 'கறுப்பு ஞாயிறு'ன்னு பேர் வச்சாங்க.

ஆனா பிள்ளைகள் பத்திரிகையா படிக்குது? டிவியில் பார்த்தது போதும், வீட்டில் நச்சரிப்பு ஆரம்பம். மறுநாளே டிக்கெட் வாங்க வரிசை. ஏழே வாரத்தில் 10 லட்சம் பேர் வந்துட்டாங்க. 1960-ல் ஏபிசியின் பங்கை டிஸ்னியே திருப்பி வாங்கியது. 1996-ல் ஏபிசியையே விலைக்கு வாங்கிவிட்டது.

ஜாமீன் நின்னவனையே வாங்கின கதை இதுதான் மக்களே!