சுத்தமான தோல்: குமரி மண்ணிலிருந்து சில குறிப்புகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ‘வீட்டிலிருந்தபடியே தன்னைப் பேணுதல்’ என்கிற சொல்லாடல் திடீரென்று பெருகிற்று. முகத்துக்குப் பாலாடை, பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள். தலைக்குச் செம்பருத்தித் தாளி. வெயில் படாமல் இருக்க ஒரு களிம்பு, குதிகால் வெடிப்புக்கு இன்னொன்று. ‘க்ளீன்’ என்று அச்சிட்ட டப்பாக்களும் வந்தன. அது சட்டம் வரையறுத்துத் தந்த சொல் அல்ல. விற்கிறவர் தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கொள்கிற நற்சான்று. கூடவே ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது: இதெல்லாம் நம்ம பாட்டிமார் செஞ்சதுதானே! எனக்கு இந்தப் பெருமையில்தான் இடறுகிறது. எந்தப் பாட்டி? எந்தக் குளத்தில் குளித்தவள்? அவளுக்கு யார் துணி வெளுத்தார்கள்?

ஃபூக்கோ தம் கடைசிக் காலத்தில், 1984இல் வெளிவந்த பாலியல் வரலாற்றின் மூன்றாம் தொகுதியில், தன்னைப் பேணுதல் என்பதைக் கிரேக்க, ரோமானிய வாழ்க்கைக்கலையாக வாசித்தார். உணவு, உறக்கம், குளியல், உடற்பயிற்சி இவற்றினூடாக ஒருவர் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறார் என்பது அந்த வாசிப்பு. ஆனால் அந்தச் சமூகங்களில் இதற்கான ஓய்வும் உரிமையும் பெரும்பாலும் சுதந்திர ஆண்களுக்கே வாய்த்தன. வெந்நீர் போட்டவர் அடிமை. நம் ஊரில் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே தன்னைப் பேணுவது சிலருக்கு வாய்க்காமல் போனதோடு நிற்கவில்லை; அது அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது.

தெற்குத் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாடார்கள் மீதிருந்த தடைகளை ராபர்ட் ஹார்ட்கிரேவ் தம் நூலில் தொகுத்திருக்கிறார். நம்பூதிரியிடமிருந்து 36 காலடி, நாயரிடமிருந்து 12 காலடி தள்ளி நிற்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை கூடாது. பசு கறக்கக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது. மாரை மறைக்கக் கூடாது. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலைச் சொல்வார்கள். நான் இதை ஊரடங்குக் காலத்து அழகுக் குறிப்புகளோடு பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். வெயிலிலிருந்து தோலைக் காப்பது குடை: தடை. குதிகாலைக் காப்பது செருப்பு: தடை. பாலாடைக்குப் பசு: தடை. ஒன்றுக்கொன்று நேர்த் தலைகீழ். சாதி ஆட்சி வெறும் கருத்தாக மனதுக்குள் இருந்துகொண்டு இயங்கவில்லை. தோல் கறுக்க வேண்டும், கால் வெடிக்க வேண்டும், பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று தெரிய வேண்டும் என்று உடலின் மீதே அது எழுதப்பட்டது. எழுதிவிட்டு, ‘இவர்கள் அழுக்கானவர்கள்’ என்று அதையே எடுத்து வாசிக்கவும் செய்தது.

மறுபுறம் ‘சுத்தமான’ வீடுகளின் உள்ளே என்ன நடந்தது? தீட்டுக் கழிய வேண்டுமானால் மேல்சாதிப் பெண் குளித்தால் மட்டும் போதாது; வண்ணாத்தி கொண்டுவருகிற ‘மாற்று’ உடுத்த வேண்டும். திருவிதாங்கூர், மலபார் பகுதிகளில் இது வெறும் சலவை அல்ல, சடங்கு. பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர் மருத்துவச்சி, அவரும் தாழ்த்திவைக்கப்பட்ட சாதிக்காரர். ஆக ஒருத்தியின் தூய்மையை உற்பத்தி செய்தவர்கள், தீட்டு என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. இதில் ‘தான்’ எங்கே இருக்கிறது, ‘தன்னைப் பேணுதல்’ எங்கே இருக்கிறது?

எண்ணெய்க் குளியலையே எடுத்துக்கொள்வோம். எங்க பக்கத்துல எண்ண தேச்சுக் குளிக்கதுன்னா அதுக்குன்னு ஒரு நாளே வேணும். எண்ணெய் ஊற வேண்டும், வெந்நீர் வேண்டும், குளித்தபின் வெயிலில் அலையக் கூடாது. கூலிக்குப் போகிறவளுக்கு அது ஒரு நாள் கூலி. பனையேறியின் நெஞ்சிலும் காலிலும் காய்த்த காய்ப்பு எந்த எண்ணெயிலும் கரையாது. வீட்டில் இருக்க முடிந்தவர்களின் பண்பாட்டைத்தான் ‘நம்ம பாட்டி வைத்தியம்’ என்று பொதுச்சொத்தாக்கிப் பேசிவருகிறோம்.

லண்டன் மிஷன்காரர்கள் வந்தபோது சுத்தத்துக்கு வேறொரு இலக்கணம் வந்தது. சோப்பும் வெள்ளைத்துணியும் ஏகாதிபத்தியத்தின் சாமான்கள் என்பதை ஆன் மக்ளின்டாக் 1995இல் விரிவாக எழுதியிருக்கிறார். அது சரிதான். ஆனால் அதை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வெள்ளை நூலில் கறை படக் கூடாது. ஆகவே கை சுத்தமாக இருந்தாக வேண்டும். தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட கைகள் பின்னிய லேஸ் கடல் கடந்து போய் விலையும் ஆயிற்று. இது ஒழுங்குபடுத்தலா, விடுதலையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். குப்பாயத்தின் கதையும் இதுவே. 1829 ஆணை, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியும் உரிமையை மறுத்தது. கலகம், தீவைப்பு எல்லாம் நடந்து முடிந்தபின் 1859 ஜூலையில் வந்த ஆணை மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் கட்டுவது மாதிரி கட்டிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்று வரம்பு வைத்தது. தோலை மறைக்க உரிமை கிடைத்தது. அந்தத் தோலில் எந்தத் துணி உரசலாம் என்பதைச் சர்க்காரே வைத்துக்கொண்டது.

இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒன்று நடந்தது. அதை நம் கோட்பாட்டாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. சாமித்தோப்பின் அய்யா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய துவையல் தவசு. நாடார்கள் உட்பட ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 700 குடும்பங்கள் வீடுவாசலை விட்டு வந்து கடற்கரையில் கூடித் தங்கின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. துணியைத் தாங்களே துவைத்தார்கள், நீராடினார்கள், பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி ஒருநேரம் உண்டார்கள். வண்ணாத்தியின் மாற்று இல்லை, புரோகிதரின் தீர்த்தம் இல்லை. சுத்தம் மேலிருந்து அருளப்படுவதாக இல்லாமல், கூட்டாகச் செய்து பார்க்கும் வேலையாக மாறிற்று. முத்திரிக் கிணற்றில் சாதி பாராமல் எல்லோரும் தண்ணீர் எடுத்துக் குளித்தார்கள். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டி வழிபட வந்தார்கள். பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. வருகிறவர் பார்ப்பது தன் முகத்தை.

இதை ஆன்மிகக் குறியீடாகப் பலர் விளக்கியிருக்கிறார்கள். நான் கொஞ்சம் பௌதிகமாகவே பார்க்கிறேன். எட்ட நில்லு, முகத்தைக் காட்டாதே என்று விரட்டப்பட்டவர், வெயில் தின்ற தன் தோலைக் கூச்சமில்லாமல் நின்று பார்க்கிற இடம் அது. அங்கே முகத்தை வெளுப்பாக்கும் பேச்சே இல்லை. அதேசமயம், சுத்தத்தை ஒழுக்கமாக மாற்றுகிற எந்த இயக்கத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு: மேலேறியவர் தனக்குக் கீழே இருப்பவரைப் பார்த்து அதே ‘அழுக்கு’ என்ற சொல்லை வீசலாம். குமரியின் பிற்காலச் சமூக வரலாறு அதற்கு விலக்கு அல்ல.

பிறகு சந்தை வந்தது. 1917இல் தொடங்கிய டாட்டா ஆயில் மில்ஸ் இந்தக் கரையோரத் தேங்காயை நம்பித்தான் கொச்சிப் பக்கம் ஆலை வைத்தது; ஹமாம் அதன் சோப்பு. 1993இல் அது ஹிந்துஸ்தான் லீவருக்குள் போயிற்று. அதே லீவர் 1975இல் இறக்கிய ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல், ஊரடங்கின் நடுவில், ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. 36 காலடிக் கணக்கைச் சட்டம் ஒழித்தது. நிறத்தின் படிக்கட்டு டியூபுக்குள் பத்திரமாக இருந்தது.

இன்றைக்கும் குமரியின் மேற்குப் பகுதிகளில் முந்திரி ஆலைகள் உண்டு. சனங்கள் சொல்வது அண்டியாபீஸ். வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையின் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் உண்டு; பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரியும். வண்ணார் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டையும் இதே தாவரக் குடும்பம்தான். உடைக்கப்போகும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். கையுறை போட்டால் வேகம் குறையும். எடைக்குக் கூலி என்றால் வேகம்தான் சோறு. கையப் பாத்தே சொல்லிரலாம், இவ அண்டியாபீஸ்காரின்னு. அந்தச் சாம்பலும் எண்ணெயும் தோல்பராமரிப்பு இல்லையா? எந்த அழகுக் குறிப்பிலும் அது ஏன் இடம்பெறுவதில்லை? இரசாயனமில்லாத, ‘க்ளீன்’ உணவு என்று முந்திரிப்பருப்பு மட்டும் வெள்ளையாகத் தட்டுக்கு வந்து சேர்கிறது.

குளிக்காதே, பூசாதே என்று நான் சொல்ல வரவில்லை. தன் உடம்பைப் பேணுவது ஒடுக்கப்பட்டவருக்கு ஆடம்பரம் அல்ல, அரசியல். துவையல் தவசு காட்டியது அதைத்தான். ஆனால் அது நாலு சுவருக்குள் தனியாளின் வழக்கமாகச் சுருங்கும்போது, வெளியே வேகிற கைகள் கண்ணில் படாமல் போகின்றன. கையுறை, கூலி உயர்வு, ஆலையில் கைகழுவ நல்ல தண்ணீர், தோல்நோய்க்கு நஷ்டஈடு: தொழிற்சங்கக் கோரிக்கைகளாக மட்டும் தோன்றும் இவற்றைத் தோல்பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதிப் பார்க்கலாம். சுத்தம் என்ற சொல்லை அதை விற்கிறவர்களிடமிருந்து மீட்க வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.