கத்தரி வைத்தால் சீசன்! – கம்பம் திராட்சையின் கதை

கணக்குப் பதிவியலுக்கு இன்னிக்கு லீவு. ஒரு பழத்தோட்டத்துக்குள்ள போயிட்டு வருவோம்.

"நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கையாளரைத் தோட்டத்துக்குள் விடும் வழக்கம் அமெரிக்காவில் 1930, 40களில் பரவியது. ஏதோ பிக்னிக் யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் பழத்தின் விலை சரிந்துவிட்டது. பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்தால் விவசாயிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வாங்குகிறவரே வந்து பறித்தால் மூன்று செலவும் மிச்சம்!

நம்ம பக்கம் இதற்கு நெருங்கி வருவது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. சுருளி அருவி, தேக்கடி, சபரிமலை என்று போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி, திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று, தோட்டக்காரரிடமே பழம் வாங்கிப் போகிறார்கள்.

இந்தப் பன்னீர் திராட்சையை 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. கொடி மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டாமா? மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை பென்னிகுக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895ல் அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். அறுவடை வருஷத்துக்கு ஒருமுறைதான். கம்பத்தின் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கத்தரித்தால்தான் புதுத் துளிர் விட்டுப் பூக்கும். கத்தரித்த ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை தயார். இப்படி இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை வரை எடுக்கலாம். ஆளுக்கொரு நேரம் கத்தரிப்பதால், ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். அங்கே சீசனை உண்டாக்குவது வானம் இல்லை, கத்தரிக்கோல்!

அப்படியென்றால் விவசாயிக்குக் கொண்டாட்டம்தானே என்கிறீர்களா? இங்கேதான் சிக்கல். மாம்பழம், வாழைப்பழத்தைக் காயாகப் பறித்து வழியிலோ குடோனிலோ பழுக்க வைக்கலாம். திராட்சை அப்படியில்லை. வெட்டிய பிறகு அது இனிப்பு ஏறாது. கொடியிலேயே பழுத்தாக வேண்டும். பழுத்தபின் பன்னீர் திராட்சை பல நாள் தாங்காது. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். ஒரே சமயத்தில் பல தோட்டங்கள் அறுவடைக்கு வந்தால் விலை இறங்கும். நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியாது.

எங்கள் கட்டுமாவடிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படகு வந்ததும் மீனை ஏலம் விட்டாக வேண்டும். "நாளைக்கு விற்கிறேன்" என்று மீன்காரர் சொல்ல முடியுமா? காத்திருக்க முடியாத சரக்கில் பேரம் பேசும் பலம் எப்போதும் வாங்குகிறவர் பக்கம்தான். எங்கள் வகுப்பில் தேவை–அளிப்புக் கோடு வரைகிறபோது இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும்!

2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. பந்தலுக்கடியில் வந்து நிற்கிற ஆள் அதைக் கொஞ்சம் செய்கிறார். அவருக்குக் கொடியில் பழுத்த பழம், தோட்டக்காரருக்கு இடையில் ஆளில்லாத விலை. அமெரிக்க விவசாயி 1930களில் கண்டுபிடித்ததும் இதே கணக்குதான்.

வந்து வாங்குகிறவர்களை நம்பி ஒரு தோட்டம் முழுவதையும் விற்றுவிட முடியாது, உண்மை. லாரி ஏறித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கடையில் வாங்காதீர்கள். தோட்டத்தில் இறங்குங்கள். இரண்டு கிலோ வாங்குங்கள். முக்கியமாக, பேரம் பேசாதீர்கள் நண்பர்களே!