இலக்கணம் கற்றால் எழுத்து வருமா?

கட்டுரை எழுதச் சொன்னதும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு என்ன மருந்து? ஆங்கில மொழி வகுப்புகளில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த மருந்து இலக்கணப் பயிற்சி. வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவன் நன்றாக எழுதவும் செய்வான் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை உண்மைதானா?

நியூசிலாந்தில் எல்லி என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 1976இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர் 248 பேர், எட்டு வகுப்புகள், மூன்று ஆண்டுகள். சில வகுப்புகளுக்குப் பழைய இலக்கணம். சிலவற்றுக்குச் சாம்ஸ்கியின் கொள்கையைத் தழுவிய புதிய இலக்கணம். மற்றவற்றுக்கு இலக்கணமே இல்லை, அந்த நேரத்தில் வாசிப்பும் எழுத்தும்தான். முடிவில் கட்டுரைகளைத் திருத்திப் பார்த்தபோது, தரத்தில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மூன்று ஆண்டு இலக்கணம் கட்டுரையில் தடமே பதிக்கவில்லை!

அப்படியானால் எதுதான் பயன்படும்? அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஹேர் ஏழாம் வகுப்பில் ஓர் எளிய பயிற்சியை நடத்தி, 1973இல் அதன் விளைவை வெளியிட்டிருந்தார். நீங்களும் செய்து பாருங்கள். “மழை பெய்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது. பாலம் உடைந்தது.” இம்மூன்றையும் ஒரே வாக்கியமாக்குங்கள். “மழை பெய்து ஆற்றில் வந்த வெள்ளத்தால் பாலம் உடைந்தது” என்று எழுதினீர்களா? பெயரெச்சம், வினையெச்சம் என்ற சொற்கள் உங்களுக்குத் தேவைப்படவில்லை அல்லவா? ஓஹேரும் இலக்கணக் கலைச்சொல் எதையும் கற்பிக்கவில்லை. ஆயினும் அம்மாணவர்களின் வாக்கியங்கள் முதிர்ச்சி பெற்றன. யார் எழுதியது என்று தெரியாமல் படித்த ஆசிரியர்களும் அவர்களுடைய கட்டுரைகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள்.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சலித்து, அவற்றுள் நம்பத்தக்க ஏறத்தாழ 60ஐ ஒன்றுசேர்த்து 1986இல் கணக்கிட்டவர் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹில்லாக்ஸ். முன்னேற்றத்தைத் திட்ட விலக்கத்தை அலகாகக் கொண்டு அளந்தார். ஆசிரியர் விளக்கிக்கொண்டே போகும் வகுப்புகளில் அது வெறும் 0.02. விருப்பம்போல் எழுதவிட்ட வகுப்புகளில் 0.19. தெளிவான வேலையைக் கொடுத்து, குழுவாகக் கலந்து பேசி எழுத வைத்த வகுப்புகளில் 0.44! இலக்கண வகுப்புகளோ பிறவற்றைவிட 0.29 பின்தங்கின.

ஹில்லாக்ஸ் கையாண்ட ஒரு பாடம் மிகச் சுவையானது. மாணவனிடம் ஒரு கடற்சிப்பியைக் கொடுத்து வருணிக்கச் சொல்வார். பிறகு சிப்பிகளையெல்லாம் கலந்துவிடுவார். வருணனையைப் படித்து, இன்னொரு மாணவன் அதே சிப்பியைக் கண்டெடுக்க வேண்டும். “அழகான வெள்ளைச் சிப்பி” என்று எழுதியவன் பாடு திண்டாட்டம்தான். சிவப்பு மை இல்லாமலே தன் எழுத்தில் எங்கே குறை என்று அவனுக்கு விளங்கிவிடும்.

இலக்கணத்தை அடியோடு ஒதுக்கிவிடலாமா என்றால், அதுவும் அவசர முடிவு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையோடு சேர்த்து அதற்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் சொல்லித் தந்தபோது பலன் கிட்டியது. ஆனால் அந்தப் பலனும் ஏற்கெனவே நன்றாக எழுதுவோருக்கே மிகுதி. தடுமாறி எழுதியவர்களுக்கு அவ்வளவாகக் கிட்டவில்லை.