பிள்ளைப்பேறும் பிழைப்பும்

பருத்தி ஆலையிலே வேலை செய்யும் பெண்ணொருத்தி கருவுற்றால், மாதம் நிறையும் வரை இயந்திரத்தின் முன்னே நிற்பதா, கூலியை இழந்து வீட்டில் இருப்பதா என்னும் சங்கடம் அவளுக்கு ஏற்படும். நூறாண்டுகளுக்கு முன் அவளுக்குத் துணை நிற்கும் சட்டம் எதுவும் நம் நாட்டில் இருக்கவில்லை. பிள்ளைப்பேறு குடும்பத்தின் சொந்த விஷயமாகவே கருதப்பட்டது. அது நாட்டின் விஷயமான வரலாற்றைச் சிறிது காண்போம்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் தாய்க்கு ஓய்வும் உதவித் தொகையும் வேண்டுமென்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1924-இல் என். எம். ஜோஷி நமது மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. பின்னர் பம்பாய்ச் சட்டசபை இதனைக் கையில் எடுத்தது. 1928-இல் அங்கே பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலத்தைச் சார்ந்தது என்றார். செலவில் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்பதே முறை. ஆயினும் பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாயில் சட்டம் பிறந்தது.

மத்திய மாகாணத்தில் 1930-இலும், சென்னையில் 1934-இலும், வங்காளத்தில் 1939-இலும் இத்தகைய சட்டங்கள் தோன்றின. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறுபட்டது. பிழைப்புத் தேடி எல்லை கடந்த பெண்ணுக்கு ஊர் மாறியதோடு உரிமையும் மாறிற்று.

இந்தக் குறையை நீக்க வந்ததே 1961-ஆம் ஆண்டு மத்திய அரசின் மகப்பேற்று நலச் சட்டம். அது 12 வாரச் சம்பளத்துடன் கூடிய ஓய்வை அளித்தது. பேற்றுக்குப் பின் 6 வாரம் அவளை வேலை வாங்கலாகாது என்றது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளைகள் தந்தது. உதவித் தொகையைத் தவிர்க்கக் கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கினாலும், அத்தொகையை அவள் இழப்பதில்லை என்று விதித்தது.

அப்படியும், தினக்கூலிப் பெண்களுக்கு இவ்வுரிமை உண்டா என்னும் ஐயம் எழுந்தது. டில்லி மாநகராட்சியில் தெருப்பணி செய்த பெண்கள் தொடர்பான வழக்கில், உண்டு என்று 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊழியருக்கும் தினக்கூலிக்காரருக்கும் பேற்று வலி ஒன்றுதானே!

2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு ஓய்வு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. இவ்விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் ஆறுதல் உண்டு: எல்லை கடந்தாலும் உரிமை உடன் வருகிறது. எனினும் வீட்டு வேலை செய்பவளும், பத்துப் பேருக்குக் குறைவான சிறு கடையில் நிற்பவளும் இன்னும் அதன் வெளியிலேயே இருக்கின்றனர். ஓய்வின் சம்பளமோ பல இடங்களில் முதலாளியின் தலைமேலேயே விழுவதால், பெண்ணை வேலைக்கு அமர்த்தவே தயங்குவோரும் உளர். தாயின் ஓய்வு நாட்டின் நலமானால், அதன் செலவை யார் ஏற்பது? 1928-இல் எழுந்த அக்கேள்வி இன்னும் முழு விடை பெறவில்லை.